ஐந்நூறு கஜத்தில் ஒரு மான்

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தால், அடுத்த வண்டியின் முன்பக்கத்து மூடியின் மேல் ஒரு மான் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. கால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வண்டியை ஓட்டுகிறவர் நாங்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்கில் கடன் கொடுக்கும் பிரிவில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். என்னைப் பார்த்ததும் கையை அசைத்து, வெயில் நன்றாக அடிக்கிறது பார் என்பதுபோல வானத்தைக் காட்டினார். சட்டையின் கைப்பகுதி முழுக்க ரத்தம். பச்சை விழுந்ததும் அவர் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் யாரும் அந்த மானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காய்கறிக் கூடையை வண்டியில் வைத்துக்கொண்டு போனால் எத்தனை பேர் பார்ப்பார்களோ, அவ்வளவு பேர்தான் பார்த்தார்கள்.

அக்டோபர் பிற்பாதி வந்தால் மொன்டானாவில் எங்கள் சின்ன ஊருக்கு இப்படி ஒரு கிறுக்குப் பிடித்துவிடும். பல் டாக்டர் கடையைப் பூட்டிவிடுவார். குழாய் ரிப்பேர்காரர் ஆள் கிடைக்கமாட்டார். எல்லாரும் காட்டில் இருப்பார்கள். மிருகத்தின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளப் பச்சையும் பழுப்பும் கலந்த சட்டை போடுகிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அதற்கு மேலே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உடுப்பு. இவர்களுடைய புத்திசாலித்தனம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று நான் ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தினகரன் இங்கே சாலைத் துறையில் சர்வே இன்ஜினியர். ஆபீசில் அவருக்கு டீன் என்று பெயர். ஒவ்வொரு வருஷமும் இந்தச் சீசனில் ஆபீசே காலியாகிவிடும், "போனைப் பார்த்துக்கொள் டீன்" என்று இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். இவர் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு இருந்த வருத்தம் எனக்குத் தெரியும். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் கிடையாது, ஏனென்றால் நாங்கள் திரும்பிப் போகிறவர்கள். ஊரில் பொதுப்பணித் துறை வேலையை விடாமல், சம்பளமில்லாத நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்தவர் இவர். வருகிற தை மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தால் வேலை இருக்கும், இல்லையென்றால் கிடையாது. ஐந்து வருஷம் முடிந்ததும் திரும்பிவிடுவது என்பது விமானம் ஏறும்போதே இருவரும் பேசி வைத்தது. பெருநகர் என்கிற சின்ன ஊரில் பிறந்து, அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து உத்திரமேரூர் பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்று பிள்ளைகளின் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறேன். திரும்பிப் போவதைப் பற்றி என்னிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பார் யாரும் இல்லை.

இந்த வருஷம்தான் அந்த அழைப்பு வந்து தொலைத்தது. இவருடைய மேலதிகாரி வால்ட், ஆறடிக்கு மேல் உயரம், அறுபதை நெருங்கும் வயது. ஏதோ பேச்சில் இவர் தன்னுடைய சொந்த ஊரான புள்ளலூரைப் பற்றி எடுத்துவிட்டிருக்கிறார். பல்லவனும் சாளுக்கியனும் யானைப் படையோடு மோதிக்கொண்ட இடம் எங்கள் ஊர் என்று. அந்தச் சண்டைக்குப் பிறகு இன்றுவரை அந்த ஊரில் யாரும் ஓர் ஆயுதத்தையும் உருப்படியாகத் தூக்கியதில்லை என்பதைச் சொல்லவில்லை. "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததா?" என்று வால்ட் கேட்க, "என் தகப்பனாரிடம் இருக்கிறது" என்றிருக்கிறார். அது உண்மைதான். "புலி?" என்று வால்ட் கேட்டிருக்கிறார். இவர் அடக்கமாகச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பில் வால்ட் எத்தனை புலிகளைப் பார்த்தாரோ, மறுநாளே, "இந்த முறை எல்க் வேட்டைக்கு எங்களோடு நீயும் வா" என்று கூப்பிட்டுவிட்டார். எல்க் என்பது மான் இனம்தான், ஆனால் நம் கடமானைவிடப் பெரியது, ஒரு குதிரை உயரம் நிற்கும்.

மாமனார் வீட்டுத் துப்பாக்கியின் கதையை நான் சொல்லியாக வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி அது. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அப்போது அதைப் போர்வையில் சுற்றி, மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோவார்கள். தேர்தல் முடிந்ததும் அதே போர்வையில் திரும்பி வரும். அது செய்த பிரயாணம் அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்ளும். நான் கல்யாணமாகிப் போன புதிதில், ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றிகள் இறங்கிவிட்டன. மாமனார் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரப்பில் போய் நின்றார். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். பன்றிகள் கண் முன்னால் கொல்லையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.

"நைனா, ஒண்ணு வுடு நைனா" என்றார் இவர்.

"வுட்டா? தோட்டா இன்னா சும்மாவா வருது? ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் காட்டணும்டா. இத்த இன்னிக்கு வுட்டுட்டு நாளிக்கி ஒரு ஆத்திரம் அவசரம்னா இன்னா பண்றது?" என்றார் மாமனார்.

அதைவிடப் பெரிய ஆத்திரம் அவசரம் எதுவென்று நானும் யோசித்துப் பார்த்தேன். மாமியார் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பழைய எண்ணெய் டின்னை எடுத்து வந்து, அதில் கரண்டியால் போட்டு அடித்தார். பன்றிகள் அதற்கும் அவசரப்படவில்லை. வேண்டியதைத் தின்றுவிட்டு, வந்த வழியே போயின. இந்தப் பரம்பரையில் வந்தவர்தான் என் வீட்டுக்காரர். தோட்டாவை வெடிக்க வைப்பது என்பது, சேமித்து வைத்த விதைநெல்லைப் பொங்கித் தின்பதுபோல ஒரு பாவம் என்று பழகியவர்.

துப்பாக்கி வாங்க ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். சுவரெங்கும் தலைகள். மான் தலை, கரடித் தலை, ஏதோ கொம்பு முறுக்கிய ஆட்டுத் தலை, எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கண்கள். அந்தக் கடைக்காரரைப்போலப் பேசுகிற ஒருவரை நான் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில்கூடப் பார்த்ததில்லை. கவுண்டரின் மேல் ஒரு கம்பளத்தை விரித்து மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். ஒன்று இலேசானது, மான்களுக்குப் போதும் என்றார். இரண்டாவது, பரம்பரையாக எல்லாரும் வைத்திருப்பது, தர்ட்டி ஆட் சிக்ஸ் என்று அதற்குப் பெயர், இதை வைத்துக்கொண்டு எந்த மிருகத்தின் முன்னாலும் நிற்கலாம் என்றார். மூன்றாவது மேக்னம். அதன் தோட்டா என் சுண்டுவிரலைவிட நீளம். அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது, கர்ப்பக்கிரகத்துக்குள் பேசுகிறவர் மாதிரி.

"எவ்வளவு தூரத்தில் சுடுவதாக உத்தேசம்?" என்று கேட்டார்.

"ஃபைவ் ஹன்ட்ரட் யார்ட்ஸ்" என்றார் என் வீட்டுக்காரர், அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்பதுபோல.

கடைக்காரர் புருவத்தை உயர்த்தி, முதல் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அந்த ஐந்நூறு கஜம் கண் முன்னால் வந்தது. புள்ளலூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏரி மதகு அவ்வளவு தூரம்தான் இருக்கும். மதகின் மேல் நிற்பது எருமையா, இவருடைய சித்தப்பாவா என்று இவரால் என்றைக்குமே சொல்ல முடிந்ததில்லை. மனசில் பட்டதை நான் கடைக்காரரிடம் ஆங்கிலத்திலேயே கேட்டேன். அந்த மிருகம் அவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்றால், கொஞ்சம் நடந்து பக்கத்தில் போனால் என்ன?

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் மனைவிக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி என்று இவரிடம் சொன்னார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இவர் என்னை முறைத்து, "சும்மா இரு சரோஜா, மானத்த வாங்காத" என்றார்.

பிறகு ஸ்கோப். துப்பாக்கியின் தலைமேல் பூட்டுகிற தொலைநோக்கிக் குழல். இங்கேதான் இவருக்குச் சிறகு முளைத்தது. பதினைந்து வருஷமாகத் தியோடலைட்டில் கண்ணை வைத்து ரோடும் ஏரிக்கரையும் அளந்தவர் அல்லவா. குறுக்குக் கம்பி, பிம்பம், லென்ஸ் என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கிக் காட்டுகிற குழலைத்தான் எல்லாரும் வாங்குவார்கள் என்று எடுத்துக் கொடுத்ததை இவர் ஒதுக்கிவிட்டார். ஆறிலிருந்து பதினெட்டு மடங்கு காட்டுகிற ஒன்றை எடுக்கச் சொன்னார். உலக்கை மாதிரி இருந்தது. கடைக்காரர் அதன் பெருமைகளையெல்லாம் பத்து நிமிஷம் ஒப்பித்துவிட்டு, நடுவில் பேச்சோடு பேச்சாக, கண்ணுக்கும் குழலுக்கும் இடையே நாலு விரற்கடை இடம் விட வேண்டும், மேக்னம் பலமாகப் பின்னால் உதைக்கும் என்றார். "ஐ நோ இன்ஸ்ட்ருமென்ட்ஸ்" என்று இவர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும் அங்கேயே பூட்டிச் சரிபார்த்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மேக்னத்துக்குத் தோட்டா ஒரு பெட்டி.

அந்தப் பெட்டி சீல் உடைபடாமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஊருக்கு வெளியே சுட்டுப் பழகுவதற்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது. சீசனுக்கு முன்னால் எல்லாரும் அங்கே போய் அட்டையைக் கிழியக் கிழியச் சுடுவார்கள். வால்ட் இரண்டு முறை கூப்பிட்டார், இவர் ஏதோ சாக்குச் சொல்லிப் போகவில்லை.

"போய்ச் சுட்டுப் பாத்துட்டு வர்றதுக்கு இன்னாங்க?" என்று நானே கேட்டேன்.

"அட்டையச் சுட்டு இன்னா ஆவப்போவுது? தோட்டாவ வேஸ்ட் பண்ணிக்கினு. கணக்குப் போட்டாச் சரியாப் பூடும்" என்றார்.

கணக்குப் போட்டார். கிராப் தாளில் தோட்டா எத்தனை கஜத்தில் எத்தனை அங்குலம் கீழே இறங்கும், காற்று அடித்தால் எவ்வளவு விலகும் என்று அழகான கோடுகள் வரைந்தார். கணக்கில் ஒரு பிழை இல்லை, நான் சரிபார்த்தேன். ஆயுத பூஜை அந்த வாரத்தில்தான் வந்தது. என் கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் தியோடலைட்டும் அதன் பக்கத்தில் மேக்னமும் கொலு வீற்றிருந்தன. துப்பாக்கியின் மரக்கட்டையில் வரிசையாக மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். குழலின் கண்ணாடியில் மட்டும் வைக்காமல் தடுத்தது நான்தான். மறுநாள் வீட்டுக்கு வந்த வால்ட், துப்பாக்கியைக் கையில் வாங்கி அந்த மூன்று சிவப்புப் பொட்டுகளையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "மூன்றா?" என்று மரியாதையோடு கேட்டார். என்ன நினைத்துக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இவருக்கும் புரிந்தது. ஆனால் மறுபடியும் அந்த அடக்கமான சிரிப்பைத்தான் சிரித்தார்.

அவர்கள் கிளம்பிப் போன அன்று நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்? இவர் அங்கே போய் நன்றாக அவமானப்பட்டுக்கொண்டு வரட்டும் என்றுதான் இருந்தேன். மிருகம் ஒரு பக்கம் நிற்க, இவர் மறு பக்கம் சுட்டு, எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும். மூன்று புலிகளும் ஒரே நாளில் சாகட்டும். இந்த ஊர் நமக்கு ஒட்டாது என்று இவருக்கே உறைத்துவிட்டால் தைக்கு மூட்டை கட்ட எந்தத் தடையும் இல்லை. பரணிலிருந்து பெரிய சூட்கேஸ் இரண்டையும் இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டேன்.

நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வால்டின் வண்டி வாசலில் வந்து நின்றது. இவர் இறங்கினார். வலது புருவத்துக்கு மேலே பெரிய கட்டு, கன்னத்தில் காய்ந்த ரத்தம், ஜாக்கெட்டெல்லாம் ரத்தம். ஓடிப்போய் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

வால்ட்தான் நடந்ததைச் சொன்னார். எல்க் கூட்டம் தெரிந்ததும், முதல் குண்டு விருந்தாளிக்கு என்று இவருக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவர் தரையில் படுத்து, தியோடலைட்டில் வைப்பதுபோலவே கண்ணைக் குழலோடு ஒட்டி வைத்துவிட்டார். பதினெட்டு மடங்கில் மிருகத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. புல்லும் பாறையும் மறுபடி புல்லுமாகத் தேடியிருக்கிறார். ஒருவழியாக ஏதோ பழுப்பாகத் தெரிந்ததும் விசையை அழுத்த, மேக்னம் பின்னால் உதைத்து, குழலின் இரும்பு விளிம்பு புருவத்தைப் பிறைபோல வெட்டிவிட்டது. குண்டு போன இடம் யாருக்கும் தெரியாது. எல்க்குகள் தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றன. அந்தக் கொஞ்ச நேரத்தில் வால்ட் தன் பழைய தர்ட்டி ஆட் சிக்ஸால் ஒன்றை வீழ்த்திவிட்டார்.

"புலி வேட்டைக்காரர் இல்லையே உங்கள் டீன்" என்றேன் நான். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

வால்டுக்கு அது காதில் ஏறியதாகவே தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து தன் வலது புருவத்தைக் காட்டினார். நரை மயிருக்கு நடுவே வெள்ளையாக ஒரு பழைய பிறைத் தழும்பு. இந்த ஊரில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது, என் தகப்பனார் எனக்கு முதல் துப்பாக்கி கொடுத்த அன்றைக்கு வாங்கியது என்றார். பிறகு இவருடைய முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "நௌ யூ ஆர் ஃப்ரம் ஹியர்" என்றார். இனி நீ இந்த ஊர்க்காரன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். இந்த ஐந்து வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட முகத்தோடு, வலியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என்னுடைய ஏளனமெல்லாம் அந்த இடத்தில் உதவாமல் போயிற்று. நன்றாகச் சுட்டிருந்தால்கூட இவரை ஒரு கெட்டிக்கார வெளியூர்க்காரனாகத்தான் வைத்திருப்பார்கள். முட்டாள்தனமாகச் சுட்டதால் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார்.

தீபாவளி அதற்கடுத்த வாரம். முந்தைய நாள் மாலை வால்டும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு பழைய ஃப்ரீசர் பெட்டியைக் கராஜில் இறக்கினார்கள், தங்கள் வீட்டில் சும்மா கிடந்தது என்றார்கள். அதற்குள் வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். வேட்டைக்குப் போன ஒவ்வொருவருக்கும் சம பங்கு, சுட்டவனுக்கும் சுடாதவனுக்கும். கசாப்புக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெரிய எழுத்தில் டீன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடுக்க அடுக்க வந்துகொண்டே இருந்தது.

"ஒரு வருசத்துக்கு வரும் போலக்கீது" என்றார் இவர், பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு.

"தையில ஊருக்குப் போவணுமேங்க" என்றேன்.

அவர் தலையை எடுக்கவில்லை. "போலாம், போலாம். இப்போ இன்னா அவசரம்?" என்றார்.

விதைநெல்லைப்போலத் தோட்டாவைக் காப்பாற்றியவர் ஊரிலிருக்கும் அந்த வேலையைக் காப்பாற்றப் போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. உள்ளே டெலிபோன் அடித்தது. ஊருக்குப் பதிவு செய்து வைத்திருந்த டிரங்க் கால். அங்கே தீபாவளி விடிந்திருந்தது. மாமனார் போஸ்டாபீசில் வந்து காத்திருந்தார். எங்கள் சுகத்தை விசாரித்துவிட்டு, கறிக் கூறு போடுகிற இடத்துக்குப் போக வேண்டும், இரண்டு கூறு சொல்லி வைத்திருக்கிறேன், சீக்கிரம் பேசு என்றார். தீபாவளிக்குப் புள்ளலூரில் நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவார்கள். கறியை வாழை இலைகளில் கூறு கூறாக வைத்து, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தனிக் குடும்பமாகிவிட்டவனுக்குத் தனிக் கூறு. ஊரை விட்டுப் போனவனுக்குக் கூறு கிடையாது.

"நீங்க ரெண்டு பேரு. உங்களுக்கு ஒரு கூறு போதுமே மாமா" என்றேன்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு தினகரனுக்கு" என்றார். "வருசா வருசம் சொல்லிக்கினுதாம்மா கீறேன். ஒரு தபா வுட்டுட்டா பேர எடுத்துடுவாங்க. அப்பறம் கேட்டுக்கினு நிக்க முடியாது பாரு."

"யாரு மாமா துன்றது அத்த?"

"துன்றதுக்கா வாங்குறாங்க? எதிர் வூட்டுக்குக் குடுத்துடுவேன். பேரு கூப்புட்டா ஆளு கீதுன்னு இருக்கணும். தையில வந்துருவீங்க இல்ல?"

லைன் இரைந்தது. பதில் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். சரிம்மா, கூப்புடுறாங்க, நான் போறேன் என்று வைத்துவிட்டார்.

நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கராஜ் கதவில் வந்து நின்றேன். வால்டின் மனைவி ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்து, இது இளசான பகுதி, நாளைக்கு உங்கள் பண்டிகைக்குச் சமையுங்கள் என்றார். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. புள்ளலூரில் அந்நேரம் தினகரன் வீடு என்று கூப்பிட்டிருப்பார்கள், மாமனார் இலையோடு கையை நீட்டியிருப்பார். இங்கே டீன் என்று எழுதியிருந்த பொட்டலத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.